நீளமான தமிழ்ப் பக்கத்தைக் கூகுள் தேடலுக்கு ஏற்ப அடுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் இணையதளம் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: 'பட்டா மாறுதல்'. மனை வாங்கியவர், அண்ணன் தம்பியோடு பாகம் பிரித்தவர், இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டியவர் என்று எல்லோரும் தேடுவது இந்த ஒரே சொல்லைத்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் வேண்டிய பதில் வேறு. நீளமான பக்கத்தின் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

எத்தனை சொல் எழுதினால் முதல் பக்கத்தில் வரலாம்?

அப்படி ஒரு கணக்கே கிடையாது. கூகுளுக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அதற்காக எழுதுகிறீர்களா என்று கூகுளின் வழிகாட்டிப் பக்கமே கேட்கிறது. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று பதிலையும் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறது.

பிறகு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 2011 பிப்ரவரியில் கூகுளின் தேடல் முறையில் வந்த பாண்டா என்ற மாற்றம், சரக்கில்லாமல் நிரப்பிய பக்கங்களைக் கீழே தள்ளியது. அதைப் பார்த்துப் பலர், சின்னப் பக்கம் ஆபத்து, பெரிய பக்கம் பாதுகாப்பு என்று முடிவு கட்டினார்கள். பாண்டா அடித்தது சரக்கில்லாமையை, சிறுமையை அல்ல. முதலிடத்தில் இருக்கும் பக்கங்கள் நீளமாக இருக்கின்றனவே என்பார்கள். ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்பவரின் பக்கம் தானாக நீண்டுவிடுகிறது, அதற்கு இணைப்புக் கொடுக்கப் பிறருக்கும் மனம் வருகிறது. மழை பெய்தால் குடை விரியும். குடையை விரித்து வைத்தால் மழை வருமா?

சொல்லுக்கு இத்தனை பைசா என்று பேசிக் கட்டுரை எழுதி வாங்கும் வழக்கமும் இந்த நம்பிக்கையை வளர்த்திருக்கிறது என்பது என் எண்ணம். கூலி சொல்லுக்கு என்றால் சொல்தான் விளையும்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைக்கவா, பல பக்கமாகப் பிரிக்கவா?

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். விதி எதுவும் சொல்ல முடியாது, ஆனால் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. 'பட்டா மாறுதல்' என்று கூகுளில் தேடுங்கள். பிறகு 'பட்டா பெயர் மாற்றம்' என்று தேடுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய அதே பக்கங்கள்தான் வருகின்றன என்றால், கூகுள் அவை இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்கிறது. அவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் எழுதினால் உங்கள் பக்கங்களே ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்கும். இப்போது 'வில்லங்கச் சான்று பார்ப்பது எப்படி' என்று தேடிப் பாருங்கள். முற்றிலும் வேறு பக்கங்கள் வந்தால் அது வேறு வேலை. அதற்குத் தனிப் பக்கம் வேண்டும். பட்டா பக்கத்தில் இரண்டு வரியும் ஓர் இணைப்பும் போதும்.

இன்னொரு அளவுகோல், ஆள். வந்தவர் அதே ஆளாக, அதே வேலைக்காக அடுத்த கேள்வியையும் கேட்பாரா? உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தைப் பிரிக்காத பட்டா மாறுதலைப் படிப்பவர், தன் நிலம் அந்த வகைதானா என்று தெரிந்துகொள்ள உட்பிரிவு உள்ள வகையையும் பார்த்தாக வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே பக்கம். வாரிசுச் சான்றிதழ் வாங்குவது அப்படியல்ல. அதைத் தேடுபவரில் பலருக்கு நிலமே இருக்காது.

ஒரே கட்டுரையை 'அடுத்த பக்கம்', 'அடுத்த பக்கம்' என்று ஐந்தாக வெட்டி வைக்கும் பழக்கமும் உண்டு. அது விளம்பரத்துக்காகச் செய்வது, வாசகருக்காக அல்ல. அப்படி வெட்டிய பக்கங்களைத் தொடர்ச்சி என்று காட்ட ஒரு குறியீடு இருந்தது. அதைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆகவே நடுவிலிருக்கும் மூன்றாம் துண்டு, தலையும் வாலும் இல்லாத தனிப் பக்கமாகத்தான் நிற்கும்.

முதல் பத்தியில் என்ன இருக்க வேண்டும்?

பதில். தமிழ்க் கட்டுரைகளுக்கு ஒரு வியாதி உண்டு. 'மனித வாழ்வில் நிலம் என்பது' என்று தொடங்கி, உழவர் பெருமை பாடி, ஒரு குறளையும் சொல்லி, நான்காவது பத்தியில்தான் பட்டாவுக்கு வரும். பள்ளிக்கூடக் கட்டுரையில் 'முன்னுரை' எழுதி மதிப்பெண் வாங்கிய பழக்கம் நம்மை விடுவதாயில்லை. தாலுகா அலுவலக வாசலில் நின்று கைப்பேசியில் படிப்பவருக்கு முன்னுரை எதற்கு?

முதல் மூன்று வரியில் இது இருந்தால் போதும்: பட்டா மாறுதல் என்றால் வருவாய்த் துறைப் பதிவில் நில உரிமையாளரின் பெயரை மாற்றுவது. பத்திரம் பதிந்தது வேறு, பட்டா மாறியது வேறு. நிலத்தைப் பிரிக்காமல் முழுதாக வாங்கினால் ஒரு வழி, பிரித்து வாங்கினால் அளவையர் வந்து அளக்கும் இன்னொரு வழி. வந்தவர் தன் வழி எது என்று இங்கேயே தெரிந்துகொண்டு கீழே இறங்குவார்.

தேடல் முடிவின் உச்சியில் கூகுள் பெட்டி கட்டிக் காட்டுகிறதே, அந்தச் சிறு பதில் பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரடியான பத்தியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்த ஆசைக்காகச் செய்ய வேண்டும் என்றில்லை, வந்தால் வரட்டும்.

துணைத்தலைப்புகளை எப்படி வைப்பது?

ஆட்கள் வாய்விட்டுக் கேட்பதைப் போல வையுங்கள். 'தேவையான ஆவணங்கள்' என்பதைவிட 'பட்டா மாறுதலுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும்?' நல்லது. 'மண்ணும் மனிதனும்' போன்ற தலைப்புகள் பத்திரிகைக்கு அழகு. அங்கே வாசகர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வருகிறார். இங்கே அவர் விரலால் தள்ளிக்கொண்டே தலைப்புகளை மட்டும் பார்க்கிறார். தனியாகப் படித்தாலும் புரிகிற தலைப்பா என்பதுதான் சோதனை. எல்லாத் துணைத்தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, கட்டுரையைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். பக்கம் எதைப் பற்றியது, எந்த வரிசையில் போகிறது என்று அவர் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

கூகுளும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. 2019 அக்டோபரில் ஆங்கிலத்திலும், அந்த டிசம்பரில் தமிழ் உள்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளிலும் வந்த பெர்ட் முறை, சொற்களைத் தனித்தனியாக எண்ணாமல் வாக்கியத்தில் ஒன்றுக்கொன்று உள்ள உறவைப் பார்க்கிறது. 2021 பிப்ரவரியில், நீளமான பக்கத்துக்குள் புதைந்து கிடக்கும் ஒரு பத்தியைத் தனியே எடைபோடும் முறையையும் அமெரிக்க ஆங்கிலத் தேடலில் தொடங்கினார்கள். ஒரு தலைப்பு, அதன் கீழே அதற்கே உரிய பதில் என்று அடுக்கிய பக்கத்துக்கு இந்த இரண்டும் சாதகம்தான். ஒரே பத்தியில் ஆவணம், கட்டணம், கால அளவு மூன்றையும் பிசைந்து வைத்தால் எந்தக் கேள்விக்கும் அது சரியான பதிலாகாது.

ஹெச்1 ஒன்றுதான் இருக்க வேண்டுமாமே? ஹெச்2-க்கு அடுத்து ஹெச்4 வந்தால் தப்பா?

ஹெச்1, ஹெச்2 என்பவை முதன்மைத் தலைப்பு, துணைத்தலைப்பு என்று படிப்படியாகக் காட்டும் நிரல் குறிகள். தேடல் வரிசைக்கு இரண்டும் பெரிய விஷயமில்லை. ஹெச்1 ஒன்றுக்கு மேல் இருந்தாலும் கூகுள் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் பார்வையற்ற வாசகர்கள் திரைவாசிப்பானில் தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் படிக்கிறார்கள். அவர்களுக்காக வரிசை தவறாமல் வையுங்கள். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கி 'தலைப்பு மாதிரி' காட்டுவது மட்டும் கூடாது. கண்ணுக்கு அது தலைப்பு. கூகுளுக்கும் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் தடித்த வரி.

கீவேர்டை (தேடுசொல்லை) எத்தனை முறை எழுதுவது? தமிழில் சொல் உருமாறிக்கொண்டே இருக்கிறதே?

எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். விகிதக் கணக்குச் சொல்லும் கருவிகள் இன்னும் விற்கின்றன, வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். பக்கத்தின் நிரலில், வாசகர் கண்ணில் படாமல் தேடுசொற்களை நிரப்பும் மெட்டா கீவேர்டு பெட்டியும் அப்படித்தான். அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

தமிழுக்கு உள்ள கவலை வேறு. பட்டா, பட்டாவை, பட்டாவில், பட்டாவுக்கு என்று வேற்றுமை ஏறிக்கொண்டே போகும். 'பட்டா மாறுதல்' என்ற தொடரை அப்படியே திணிக்க வேண்டும் என்று 'பட்டா மாறுதல் செய்ய பட்டா மாறுதல் விண்ணப்பம்' என்று எழுதுகிறார்கள். படிப்பவர் ஓடிவிடுவார். தலைப்பிலும் முதல் பத்தியிலும் ஒன்றிரண்டு துணைத்தலைப்பிலும் மூலச்சொல் பிரிந்து, உருபேறாமல், தெளிவாக நிற்கட்டும். மற்ற இடங்களில் இயல்பான தமிழ் எழுதுங்கள்.

மக்கள் புழங்கும் வேறு சொற்களையும் இயல்பான இடத்தில் சேருங்கள். அலுவலகம் 'பட்டா மாறுதல்' என்கிறது, ஊர் 'பட்டா பெயர் மாத்துறது' என்கிறது. ஏராளமானோர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறார்கள். அதற்காகக் கட்டுரை நடுவில் ஆங்கில எழுத்தைத் தூவ வேண்டாம். பக்க முகவரியில் அந்த வடிவம் இருந்தால் போதும். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஓர் எழுத்துச் சிக்கலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ'வும் 'ள'வும் தட்டுவது பரவலான பிழை. கண்ணுக்கு ஒளவையார், ஔவையார் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தலைப்பில் இந்தப் பிழை இருந்தால் பிறகு எவ்வளவு அடுக்கினாலும் பயன் குறைவுதான்.

பக்க முகவரி தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம். கூகுள் அதைப் படிக்கும், தேடல் முடிவில் தமிழாகவே காட்டவும் செய்யும். ஆனால் நீளமான தமிழ்த் தலைப்புகளுக்கு அது கட்டுப்படியாகாது.

கணக்கைப் பாருங்கள். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'பட்டா' என்பது ஐந்து குறி, 45 எழுத்து. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ், பக்க முகவரியின் கடைசிப் பகுதியான ஸ்லக்குக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. 'பட்டா மாறுதல் செய்வது எப்படி' என்று தலைப்பு வைத்தால் 228 வேண்டும். எனவே முகவரி 'பட்டா-மாறுதல்-செய்வது-எப' என்று அறுந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் யாராவது நகலெடுத்து அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக அரைத் திரைக்கு நீளும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்.

பிளாகரில் வேறு மாதிரித் தொல்லை. அது தமிழ் எழுத்தை மொத்தமாக உதிர்த்துவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்றும், அடுத்தடுத்த பதிவுகளுக்கு ஓர் எண்ணைச் சேர்த்தும் வைத்துவிடும். பழைய தமிழ் வலைப்பூக்களில் நூற்றுக்கணக்கான பதிவுகள் இப்படிப் பெயரற்றுக் கிடக்கின்றன.

நான் செய்வது: ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல், இடையில் சிறு கோடு. அதுவும் மக்கள் தட்டுகிற உச்சரிப்பிலேயே. ஆனால் ஏற்கெனவே நன்றாக வந்துகொண்டிருக்கும் பழைய பக்கத்தின் முகவரியை அழகுக்காக மாற்றாதீர்கள். முகவரியில் இருக்கும் சொற்களால் கிடைக்கும் பலன் மிகச் சிறியது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட மறக்காதீர்கள்.

டைட்டிலைக் கூகுள் தன்னிஷ்டத்துக்கு மாற்றிவிடுகிறது, ஏன்?

2021 ஆகஸ்டிலிருந்து அது சற்று அதிகமாகவே நடக்கிறது. டைட்டில், அதாவது தேடல் முடிவில் காட்டுவதற்காக நாம் தரும் தலைப்பு வரி, நீளமாகவோ, பொதுப்படையாகவோ, பக்கத்தோடு ஒட்டாமலோ இருந்தால் பக்கத்தின் முதன்மைத் தலைப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளும். தமிழ் எழுத்துகள் அகலமானவை. வெட்டப்படுவது எழுத்து எண்ணிக்கையால் அல்ல, இட அகலத்தால். ஆங்கிலத்துக்குச் சொல்லும் 60 எழுத்துக் கணக்கு நமக்கு உதவாது. முக்கியச் சொல்லை முன்னால் வையுங்கள், தளத்தின் பெயரைக் கடைசியில் வையுங்கள். 'அதிர்ச்சி', 'மிஸ் பண்ணாதீங்க' எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்தையும் தின்றுவிடும்.

பொருளடக்கம் தேவையா?

ஏழெட்டுத் துணைத்தலைப்பு தாண்டினால் தேவை. தொட்டால் அந்த இடத்துக்குத் தாவ வேண்டும். இப்படிப்பட்ட உள் தாவல்களை 2009 முதலே கூகுள் சில தேடல் முடிவுகளுக்குக் கீழே காட்டிவருகிறது. எந்தத் தேடலில் உங்கள் பக்கம் வந்தது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் முகவரியோடு '#' குறி ஒட்டிய வரிகளைக் கண்டால் அவை பெரும்பாலும் இதுதான். உங்கள் பக்கத்தில் எந்தப் பகுதிக்கு ஆள் வருகிறார் என்பதற்குக் காசில்லாமல் கிடைக்கும் துப்பு.

பிளகின் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) போட்டுப் பொருளடக்கம் உண்டாக்கினால் ஒவ்வொரு தாவலையும் தொட்டுப் பாருங்கள். தமிழ்த் தலைப்பிலிருந்து அடையாளப் பெயர் உருவாக்கத் தெரியாமல் வெற்றாக விட்டுவிடும் பிளகின்கள் இருக்கின்றன. எதைத் தொட்டாலும் பக்கம் அசையாது. அல்லது எல்லாமே முதல் தலைப்புக்குப் போகும்.

கேள்வி பதில் ஸ்கீமா சேர்த்தால் முடிவில் பெரிதாகக் காட்டுமா?

ஸ்கீமா என்பது, இது கேள்வி, இது பதில் என்று கூகுளுக்குச் சொல்லப் பக்கத்தின் நிரலில் வைக்கும் குறியீடு. ஒரு காலத்தில் காட்டியது. 2023 ஆகஸ்டில், பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். இன்றும் அதற்காகப் பணம் கேட்பவர் வந்தால் இந்தத் தேதியைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தொட்டால் விரியும் பெட்டிக்குள் எழுதியதைக் கூகுள் படிக்குமா?

படிக்கும், கைப்பேசித் திரைக்காக அப்படி மடக்கி வைத்ததைக் குறைத்தும் மதிப்பிடாது. ஆனால் எழுத்து முதலிலேயே பக்கத்தில் இருக்க வேண்டும். தொட்ட பிறகுதான் சர்வரிலிருந்து வரும் என்றால் கூகுளுக்கு அது இல்லாத எழுத்து. அதன் ரோபோ எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. முக்கியமான பதிலை மடக்காமல் வைப்பது என் வழக்கம். காரணம் கூகுள் அல்ல, விரித்துப் பார்க்காத வாசகர்கள்.

அட்டவணையைப் படமாகப் போட்டால் என்ன?

தேடலில் அதை நம்பியிருக்க முடியாது. கட்டண விவரத்தை அழகான படமாகச் செய்து போடுகிறார்கள். 'எவ்வளவு கட்டணம்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் வர வழியில்லாமல் போகிறது. எழுத்தாகவே அட்டவணை போடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப் இன்னும் மோசம். திரையில் தமிழ், உள்ளே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றிப் பக்கத்திலேயே எழுதிவிட்டு, பிடிஎஃப்பைத் தரவிறக்கத்துக்கு மட்டும் வையுங்கள்.

உள் இணைப்பு எத்தனை கொடுக்கலாம்?

தேவைப்படுகிற இடத்தில் எல்லாம். இணைப்பு விழும் சொல்தான் முக்கியம். 'இங்கே சொடுக்கவும்' என்பதில் எதுவுமில்லை. 'வில்லங்கச் சான்று எடுக்கும் முறை' என்ற சொற்களிலேயே இணைப்பை வையுங்கள்.

தேதியை மட்டும் புதுப்பித்தால் மேலே வருமா?

வராது. உள்ளே எதுவும் மாறாமல் தேதியை மட்டும் மாற்றுகிறீர்களா என்பதும் கூகுள் தன் வழிகாட்டியில் கேட்கும் கேள்விதான். பட்டா மாதிரி விஷயத்தில் நடைமுறையும் கட்டணமும் மாறக்கூடியவை. மாறும்போது அதே பக்கத்தில், அதே முகவரியில் திருத்துங்கள். ஆண்டுக்கொரு புதுப் பக்கம் போட்டால் பழைய கட்டணத்தோடு ஒரு பக்கம் தேடலில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அலுவலகம் போனவர் உங்களைத்தான் திட்டுவார். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் இருப்பதும் இதற்காகத்தான்.

ஏஐ எழுதித் தந்த நீளக் கட்டுரையைப் போடலாமா?

எழுதியது யார் என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பதாகக் கூகுள் 2023 பிப்ரவரியில் சொன்னது. 2024 மார்ச்சிலோ, தேடலை ஏமாற்றுவதற்காகக் கட்டுக்கட்டாகப் பக்கம் உற்பத்தி செய்வதை, மனிதர் செய்தாலும் கருவி செய்தாலும், முறைகேட்டுப் பட்டியலில் சேர்த்தது. நடைமுறையில் நான் காணும் குறை வேறு. ஏஐ கட்டுரை ஒரே அளவுப் பத்திகளாக, எல்லாத் துணைத்தலைப்பின் கீழும் நான்கு வரியாக வரும். ஆவணப் பட்டியலுக்கும் அதே நான்கு வரி, பட்டா மாறுதலின் பயன்களுக்கும் அதே நான்கு வரி. பயன்கள் யாருக்கு வேண்டும்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு நாற்பது வரி எழுதலாம்.

ஏற்கெனவே 5,000 சொல்லில் ஒரு பக்கம் இருக்கிறது, ஆளே வருவதில்லை. எங்கே தொடங்குவது?

எழுத உட்காராதீர்கள். முதலில் சர்ச் கன்சோலைத் திறந்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தத் தேடல்களில் அது கண்ணில் பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிகம் காட்டப்பட்டும் யாரும் தொடாத தேடல்களைத் தனியே குறியுங்கள். 'கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக மாற்றுவது' அந்தப் பட்டியலில் இருக்கிறது, உங்கள் பக்கத்திலோ அதற்கு ஏழாவது பத்தியின் நடுவில் ஒன்றரை வரிதான் இருக்கிறது என்று வையுங்கள். அதை வெளியே எடுத்து, அந்தக் கேள்வியையே துணைத்தலைப்பாக்கி, நேரடியாகப் பதில் எழுதுங்கள். யாரும் தேடாத, உங்களுக்கும் பிடிக்காத பகுதிகளை வெட்டுங்கள். 5,000 சொல் 3,000 ஆனால் கவலைப்பட வேண்டாம்.

பிறகு சில வாரங்கள் அந்தப் பக்கத்தைத் தொடாமல் இருங்கள். தினமும் காலையில் எத்தனையாவது இடம் என்று பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தால், எந்தத் திருத்தம் வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.